பாறையில் இருப்பதும் பயிருக்குக் கிடைப்பதும்

அரூரிலிருந்து ஊத்தங்கரைப் பக்கம் நீளும் பாறைப் பட்டையில் மாலிப்டினம் என்ற உலோகம் கிடக்கிறது. வேலம்பட்டி, மருதிப்பட்டி ஆகிய ஊர்களின் பெயரில் தொகுதிகள் பிரித்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்த பகுதி இது. வெங்கச்சங்கல் நாளங்களுக்குள் ஈயச் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும் மாலிப்டினைட்தான் இதன் தாது. இந்தியாவில் இதுவரை கணக்கிடப்பட்டுள்ள மாலிப்டினத் தாது இருப்பில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதில் முக்கியமானவை. எஃகை உறுதியாக்க ஆலைகள் தேடும் இந்த உலோகம் பயிருக்கும் வேண்டும். பயிருக்கு வேண்டிய சத்துகளிலேயே மிகக் குறைந்த அளவில் தேவைப்படுபவற்றில் இதுவும் ஒன்று. மண் புளித்துப்போனால், அதாவது அமிலத்தன்மை ஏறினால், முதலில் கைவிட்டுப் போவதும் இதுதான். காலடியில் தாது இருந்தாலும் வேருக்கு எட்டாது.

நுண்ணூட்டச் சத்துகளைப் பற்றிய பேச்செல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். மண்ணில் ஒரு சத்து எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு கரைந்து வேருக்குள் நுழையும் நிலையில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை வரும். அதில் 3 விழுக்காடு இரும்பு என்று வைத்துக்கொண்டாலும் 27 டன் ஆகிறது. அந்த ஏக்கரில் 4 டன் உலர்ந்த பயிர் விளைந்தால் அது எடுத்துக்கொள்ளும் இரும்பு அரைக் கிலோவைக்கூடத் தொடாது. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனாலும் அந்தச் செம்மண்ணிலேயே இரும்புப் பற்றாக்குறையால் இலை வெளுத்து நிற்கும் வயல்கள் உண்டு. மாலிப்டினக் கணக்கும் இப்படித்தான். சாதாரண மண்ணில் ஏக்கருக்கு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பயிருக்கு வேண்டியது ஓரிரு கிராம்கூட இல்லை.

இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகியவை நுண்ணூட்டங்கள். இவை இல்லாமல் செடி வாழாது என்பது ஒரே நாளில் தெரியவந்ததல்ல. இரும்பின் தேவை 19-ஆம் நூற்றாண்டிலேயே புரிந்துவிட்டது. போரானை 1923-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் அவரைக் குடும்பச் செடியை வைத்து நிறுவினார். துத்தநாகம் 1926-இலும் செம்பு 1931-இலும் பட்டியலில் சேர்ந்தன. 1939-இல் கலிஃபோர்னியாவில் ஆர்னனும் ஸ்டவுட்டும் தக்காளியில் மாலிப்டினத்தின் தேவையைக் காட்டினார்கள். தேவை எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு சொல்வதுண்டு. நன்றாக வளர்ந்த செடியில் ஒரு மாலிப்டின அணுவுக்குப் பத்து லட்சம் நைட்ரஜன் அணுக்கள் இருக்கும். அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற பத்து லட்சமும் செடிக்குள் சரியாகப் பயன்படாது.

எது கரையும், எது கரையாது என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் மண்ணின் அமில-கார நிலைக்கு. இதை பி.எச். என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இந்த எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது. 7-இலிருந்து 5-க்கு வந்த மண்ணில் அது நூறு மடங்கு. வேதியியல் கணக்கின்படி பி.எச். ஓர் அலகு ஏறும்போது கரைசலில் உள்ள துத்தநாகமும் செம்பும் நூறில் ஒரு பங்காகவும், இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைகின்றன. மாலிப்டினம் இவற்றுக்கு நேர் எதிர். பி.எச். ஏற ஏற அதன் கரைதிறனும் ஏறும். வயல் மண்ணில் மட்கிய பொருளும் களிமண்ணும் குறுக்கே நிற்பதால் இந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. போக்கு மட்டும் மாறுவதில்லை.

அரூர் வட்டாரத்தில் இந்தப் போக்கின் இரு முனைகளையும் அருகருகே பார்க்கலாம். சமவெளியில் பெரும்பாலும் செம்மண், செம்மணல் கலந்த வண்டல். நடுநிலையை ஒட்டியே இருக்கும். ஓடையோரத் தாழ்வுகளிலும் கரிசல் கலந்த இடங்களிலும் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான்கல் கிடக்கும். அந்த நிலம் காரப் பக்கம் சாய்ந்தது. அரூரை ஒட்டி எழும் சித்தேரி மலையில் கதை மாறுகிறது. மலைச் சரிவில் மழைநீர் மண்ணை ஊடுருவிச் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் பி.எச். இறங்கும் வாய்ப்பு அதிகம். மலையாளிப் பழங்குடியினர் சாமை, கேழ்வரகு, மரவள்ளி விதைக்கும் நிலங்கள் இவை. மேற்கே சேர்வராயன் மலைக்குப் போனால் ஏற்காட்டில் மழை இன்னும் கூடுதல். அங்கே உச்சிகளில் பாறை சிதைந்து சிதைந்து பாக்சைட் ஆகவே மாறியிருக்கிறது. சிலிக்காவும் சுண்ணாம்பும் கழுவப்பட்டு, அலுமினியமும் இரும்பும் மட்டும் எஞ்சிய நிலை அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் மண் தெளிவான அமில மண். சேர்வராயனில் பிறக்கும் வாணியாறு கீழே இறங்கி வந்து பாசனம் தரும் வயல்களோ வேறு வகை. ஒரே ஆற்றின் தலையும் காலும் இரண்டு விதமான மண்ணில் இருக்கின்றன.

இந்திய அளவில் பி.எச். 6.5-க்குக் கீழே உள்ள நிலப்பரப்பு ஏறத்தாழ 4.9 கோடி எக்டர். அதில் பாதிக்குமேல் 5.5-க்கும் கீழே இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்கள், ஜார்க்கண்ட், ஒடிசா, கேரளம் ஆகியவை பெரும்பகுதி. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, கன்னியாகுமரியின் செம்புறை மண் என்று திட்டுத் திட்டாக உள்ளது.

மழை தவிர மனிதர் கையாலும் மண் புளிக்கிறது. அம்மோனியம் சல்பேட், யூரியா போன்ற உரங்களிலிருந்து வரும் அம்மோனியத்தை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியாகிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை ஈடுகட்ட 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். யூரியா 100 கிலோவுக்கு 80 கிலோ. சுக்கான் நிலத்தில் இந்த அமிலம் வந்த சுவடு தெரியாமல் மறையும். கழுவப்பட்ட செம்மண்ணில் மறையாது. ராஞ்சியை அடுத்த காங்கேயில் 1956-இல் தொடங்கிய நெடுங்கால உரச் சோதனை இதை வெளிச்சமாகக் காட்டியது. அம்மோனியம் சல்பேட்டை மட்டும் ஆண்டுதோறும் இட்ட பாத்திகளில் மண் புளித்து விளைச்சல் படுத்துவிட்டது. சுண்ணாம்பும் தொழு உரமும் சேர்த்த பாத்திகள் தாக்குப்பிடித்தன. இங்கிலாந்தில் 1856 முதல் நடந்துவரும் ராதம்ஸ்டெட் புல்வெளிச் சோதனையிலும் இதே உரத்தை இட்ட பகுதிகளில் பி.எச். 4-க்கும் கீழே போயிற்று. அமில மண்ணில் யூரியா மூட்டையை மட்டும் நம்பும் விவசாயம் தன் காலடியைத் தானே அரிக்கிறது என்பதை இதைவிட உறுதியாக எந்தச் சோதனையும் சொல்ல வேண்டியதில்லை.

மண் புளித்த பிறகு நடப்பதைப் பொதுவாகத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். அமிலத்தில் இரும்பும் மாங்கனீசும் துத்தநாகமும் நன்றாகக் கரையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் அமில மண் நுண்ணூட்டத்துக்கு நல்லது என்றல்லவா ஆகிறது? ஓரளவு வரை அது உண்மைதான். பி.எச். 6 முதல் 6.5 வரை உள்ள மண்ணில் பெரும்பாலான நுண்ணூட்டங்கள் தாராளமாகக் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க மூன்று கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலாவது, கரைந்தது தங்குவதில்லை. அமில மண்ணில் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் களிமண் பரப்பை ஹைட்ரஜனும் அலுமினியமும் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. இடமில்லாத துத்தநாகம் மழையோடு கீழே இறங்குகிறது. போரானின் நிலை இன்னும் மோசம். அமில மண்ணில் அது மின்னூட்டமில்லாத போரிக் அமிலமாக இருப்பதால் எதிலும் ஒட்டாமல் நீரோடு ஓடிவிடும். மணற்பாங்கான மலைச்சரிவில் பல்லாண்டு மழை இப்படிக் கழுவியபின் கரைவதற்கு மிச்சம் இருப்பதே கொஞ்சம். காரமண்ணில் துத்தநாகம் பூட்டிக் கிடக்கிறது. கழுவப்பட்ட அமில மண்ணில் அது இல்லாமலே போகிறது. இரண்டிலும் இலையில் தெரியும் குறி ஒன்றுதான், வைத்தியம் வேறு.

இரண்டாவது கேடு நஞ்சு. பி.எச். 5.5-க்குக் கீழே மண்ணிலுள்ள அலுமினியம் கரையத் தொடங்குகிறது. அலுமினியம் எந்தப் பயிருக்கும் உணவல்ல. அது வேர் நுனியைத் தாக்குகிறது. வேர் நீளாமல் குட்டையாக, தடித்து, நொறுங்கும் தன்மையோடு நின்றுவிடும், பக்கவேர்கள் விரியாது. அந்த வேரால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே உள்ள ஈரத்தையோ சத்தையோ தேடிப் போக முடியாது. பரிசோதனைச் சாலையில் மண்ணைக் கரைத்துப் பார்த்தால் சத்து இருப்பதாகக் காட்டும், வேர் அதைத் தொட்டே இருக்காது. மாங்கனீசும் இப்படித்தான். கொஞ்சம் இருந்தால் உணவு, அதிகம் கரைந்தால் இலையில் கரும்பழுப்புப் புள்ளிகள் விழுந்து ஓரம் சுருளும். தேயிலை இதற்கெல்லாம் விதிவிலக்கு. நீலகிரியில் பி.எச். 4.5 முதல் 5.5 வரையிலான மண்ணில் செழிக்கும் தேயிலைச் செடி அலுமினியத்தை இலையில் சேர்த்து வைத்துக்கொண்டே வாழ்கிறது. அதே மண்ணில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட சுண்ணாம்போ டோலமைட்டோ இல்லாமல் முடியாது.

மூன்றாவதுதான் மாலிப்டினம். இந்தச் சத்து மண்ணில் எதிர்மின்னூட்டம் கொண்ட மாலிப்டேட்டாக இருக்கும். அமில மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பு நேர்மின்னூட்டம் பெறுவதால் மாலிப்டேட் அதில் இறுக ஒட்டிக்கொள்கிறது. இரும்பு மிகுந்த செம்மண்ணில் ஒட்டுவதற்கு இடமும் அதிகம். மழையில் கழுவப்பட்டுப் போவதல்ல இது. மண்ணோடு மண்ணாகச் சிறைப்படுவது. பி.எச். சற்று ஏறினால் பிடி தளர்ந்து தானே வெளியே வரும். ஆகவே மாலிப்டினம் பற்றாக்குறையான அமில நிலத்தில் பல சமயம் மாலிப்டினம் இடாமலே, சுண்ணாம்பு மட்டும் இட்டே குறையைத் தீர்க்கலாம்.

1942-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மெடோஸ் பகுதியில் ஏ.ஜே. ஆண்டர்சன் கண்டறிந்தது இதற்குச் சிறந்த சான்று. இரும்புக்கல் கலந்த அமில மண்ணில் மேய்ச்சலுக்காக விதைத்த குளோவர் செடி வளராமல் மஞ்சளாக நின்றது. ஏக்கருக்குச் சில பத்து கிராம் மாலிப்டினம் தூவியதும் மேய்ச்சல் நிலம் பசுமை கட்டியது. திறந்த வயலில் மாலிப்டினக் குறையை உலகில் முதன்முதலாக நிரூபித்த சோதனை அது. பின்னர் ஆஸ்திரேலியாவின் பெரும் பரப்பில் இந்தச் சிறு அளவே மேய்ச்சலை மீட்டது.

குளோவர் பயறு வகையைச் சேர்ந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நைட்ரோஜினேஸ் என்ற நொதியின் மையத்தில் மாலிப்டினம் இருக்கிறது. செடி தானாக உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக்கும் முதல் படிக்கும் மாலிப்டினம் வேண்டும். எனவே இந்தச் சத்து குறைந்தால் செடி நைட்ரஜன் பற்றாக்குறை போலவே காட்டும். அடி இலை முதலில் வெளுத்து மஞ்சளாகும். பார்ப்பவர் யூரியா போடுவார். யூரியா மண்ணை மேலும் புளிக்கவைக்கும், மாலிப்டினம் மேலும் இறுகும். தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் கொள்ளு, துவரை, மொச்சை, நிலக்கடலை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் கொள்ளுக்கெனத் தனி ரகங்களே வெளியிட்டிருக்கிறது. கொள்ளுக்கு உரம் போடும் வழக்கம் குறைவு. அது தன் நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. முடிச்சு வேலை செய்தால்தான் அந்த நம்பிக்கை பலிக்கும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்பதை வயலிலேயே பார்த்துவிடலாம். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் வேர் அறாமல் பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்தது போல இருந்தால் நைட்ரஜன் சேர்கிறது. வெளிறியோ பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் இல்லை. முடிச்சுகள் எண்ணிக்கையில் நிறைய இருந்தும் கடுகளவே பெருத்து, உள்ளே சிவப்பு இல்லாமல் இருந்தால் மாலிப்டினத்தைச் சந்தேகிக்கலாம். ரைசோபியத்துக்கே அமில மண் ஒவ்வாது என்பதால் முடிச்சே இல்லாமல் போவதும் உண்டு.

நெல் வயல் இந்த விதிகளைச் சற்று மாற்றிப்போடுகிறது. நீர் கட்டிய மண்ணில் சில வாரங்களில் பி.எச். நடுநிலையை நோக்கி நகரும். அமில மண்ணில் ஏறும், கார மண்ணில் இறங்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கையர் எஃப்.என். பொன்னம்பெருமா இந்த வேதியியலை விரிவாக ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார். நீர் கட்டும்போது மாலிப்டினம் விடுபடும், இரும்பு பெருமளவில் கரையும். கேரளத்தின் குட்டநாட்டுப் புளிமண்ணில் அது நெல்லுக்கு நஞ்சாகும் அளவுக்குப் போவதுண்டு. துத்தநாகமோ குறையும். 1966-இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கைரா நோய் என்று அறியப்பட்ட நெல் இலைத் துரு துத்தநாகக் குறையே என்று காட்டியபின், ஜிங்க் சல்பேட் இந்திய நெல் வயல்களில் வழக்கமாயிற்று. தமிழ்நாட்டில் எக்டருக்கு 25 கிலோ என்ற பரிந்துரை அந்த வழியில் வந்தது.

அரூர் சமவெளியில் அமிலத்துக்கு எதிர்முனையை மரவள்ளித் தோட்டம் காட்டும். குச்சிக்கிழங்கு என்றும் சொல்லப்படும் மரவள்ளி இப்பகுதியின் பணப்பயிர். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவது. சுக்கான் நிலத்தில் நட்ட குச்சி இரண்டாம் மூன்றாம் மாதத்தில் கொழுந்து வெளுக்கும். கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்து, பின் இலை முழுவதும் தந்த நிறத்துக்கு வரும். அடியிலை பச்சையாகவே நிற்கும். இரும்பு இலைக்கு இலை நகராத சத்து என்பதால் புதிய இலையில்தான் குறை தெரியும். மண்ணில் டன் கணக்கில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதைக் கரையவிடுவதில்லை. இங்கே அன்னபேதி என்ற இரும்பு சல்பேட் உப்பை மண்ணில் கொட்டினால் அது சில நாளில் துருவாக மாறிப் போகும். இலையில் தெளிப்பதே பலன் தரும். 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ அன்னபேதி, அரைக் கிலோ ஜிங்க் சல்பேட் என்ற அளவில், வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு மூன்று முறை தெளிக்கிறார்கள்.

சித்தேரி மலைமேல் இதே மரவள்ளி வெளுத்தால் காரணம் இரும்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அமில மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் அரிது. துத்தநாகமோ, மக்னீசியமோ, வேர் கெட்டதோ காரணமாகலாம். ‘மஞ்சள் விழுந்திருக்கிறது’ என்ற ஒரே புகாருக்கு உரக்கடையில் ஒரே பொட்டலம் கிடைக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் அதே பொட்டலத்தை விற்பது பணத்துக்கும் நஷ்டம், பயிருக்கும் நஷ்டம். நுண்ணூட்டக் கலவையைவிட முதலில் தெரிய வேண்டியது பி.எச். எண். அதை அறியச் செலவும் குறைவு.

நாட்டில் நுண்ணூட்டங்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் 1967-இல் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் மையங்களில் ஒன்று. சோதித்த மண் மாதிரிகளில் நாடளவில் ஏறத்தாழ 36 விழுக்காட்டில் துத்தநாகமும் 23 விழுக்காட்டில் போரானும் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டில் துத்தநாகக் குறை 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இந்தச் சோதனையை ஒவ்வொரு உழவர் கைக்கும் கொண்டுவர முயன்றது. அட்டையில் 12 விவரங்கள்: பி.எச்., உப்பு நிலை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். மாலிப்டினத்துக்கு வரி இல்லை. பயறு விளையும் அமில நிலங்களுக்காவது அது சேர்க்கப்பட வேண்டும். அதுவரை அட்டையில் பி.எச். 5.5-க்குக் கீழே இருப்பதையே மாலிப்டினக் குறையின் அறிகுறியாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அட்டையை வாசிப்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு ஆகியவற்றை அளக்க டி.டி.பி.ஏ. என்ற கரைசலில் மண்ணை இரண்டு மணி நேரம் குலுக்கி வடிக்கிறார்கள். லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978-இல் வெளியிட்ட முறை இது. நடுநிலை மண்ணுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் என்றே அவர்கள் அதை வகுத்தார்கள், கரைசலின் பி.எச். 7.3. கடும் அமில மண்ணை இந்தக் கரைசலில் போட்டால், வேர் வயலில் சந்திக்கும் நிலை அதில் முழுமையாகப் பிரதிபலிக்காது. கேரளம் போன்ற இடங்களில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வடிக்கும் முறை பயன்படுவது இதனால்தான். மலை நிலத்து அட்டையில் ‘போதுமான அளவு’ என்று அச்சாகியிருந்தாலும் பி.எச். எண்ணோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் செய்யும் பிழை பரிசோதனைச் சாலையில் திருந்தாது. உரக்குழி, மரநிழல், வரப்போரம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் செத்தையை விலக்கி, ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, குழியின் சரிந்த பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்ட வேண்டும். மரவள்ளி போல ஆழ வேர் விடும் பயிருக்கு இன்னும் ஆழம். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும். நுண்ணூட்டம் பார்ப்பதென்றால் தகர வாளி கூடாது. அதன் துத்தநாகப் பூச்சே மண்ணில் கலந்து பொய்க்கணக்கு காட்டும். துருப்பிடித்த கொத்தும் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் மரக்குச்சியும் போதும். காயவைப்பது நிழலில்.

அமிலத்தைத் திருத்தச் சுண்ணாம்புதான் மருந்து. சுண்ணாம்புக்கல் தூள், டோலமைட், நீற்றிய சுண்ணாம்பு எதுவும் ஆகலாம். டோலமைட்டில் மக்னீசியமும் சேர்ந்து வருவதால் கழுவப்பட்ட மலை மண்ணுக்கு அது கூடுதல் பொருத்தம். அடுப்புச் சாம்பலும் காரப்பொருளே. அளவில்தான் கவனம் வேண்டும். மண்ணை 7-க்கு உயர்த்திவிட வேண்டும் என்று நினைத்து ஏராளமாகக் கொட்டினால், மாலிப்டினம் விடுபடும் அதே வேளையில் துத்தநாகமும் போரானும் மாங்கனீசும் ஒரேயடியாக இறுகும். கழுவப்பட்ட மண்ணில் அவை ஏற்கெனவே குறைவு. சுண்ணாம்பு மிகுந்த அடுத்த பருவத்திலேயே பயிர் வெளுக்கும். வெப்பநாட்டு மண்ணில் அலுமினிய நஞ்சு அடங்கும் அளவுக்கு, 5.5-இலிருந்து 6 வரை உயர்த்தினால் போதும். அமில மண் மாநிலங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை இன்னும் எளிது. எக்டருக்கு 2 முதல் 4 குவிண்டால் சுண்ணாம்பை விதைக்கும் சாலிலேயே ஒவ்வொரு பருவமும் இடுவது. டன் கணக்கில் மலைமேல் ஏற்ற முடியாத சிறு உழவருக்கு இதுவே நடக்கக்கூடிய வழி. வேர் ஓடும் சாலில் மட்டும் நிலை மாறினால் போதும், முழு வயலும் மாற வேண்டியதில்லை.

தொழு உரம் அமில மண்ணில் இரண்டு வேலை செய்கிறது. அதன் கரிம அமிலங்கள் அலுமினியத்தைக் கட்டிப்போட்டு நஞ்சைத் தணிக்கும். துத்தநாகத்தையும் செம்பையும் கழுவிப்போகாமல் பிடித்து வைத்து வேருக்குத் தரும். ஜிங்க் சல்பேட்டைத் தனியே தூவுவதைவிட மட்கிய எருவோடு கலந்து ஒரு மாதம் நிழலில் ஊறவைத்து இடும் ஊட்டமேற்றிய தொழு உர முறை பலன் கூடுதலாகத் தருவது இதனால்தான். போரானுக்குப் போராக்ஸ் போதும். பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடையே போரானுக்கு உள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதால் அட்டையில் குறை தெரிந்த பிறகே இட வேண்டும்.

மாலிப்டினத்துக்கு மூட்டை தேவையில்லை. சோடியம் அல்லது அம்மோனியம் மாலிப்டேட்டைச் சில கிராம் அளவில் கரைத்து விதையில் தடவினால், ஒரு பருவப் பயறுக்கு வேண்டிய முழு அளவும் விதையோடே வயலுக்குப் போய்விடும். இந்த உப்பு ரைசோபியத்தைக் கொல்லக்கூடியது. எனவே இரண்டையும் ஒரே குழம்பில் வெகுநேரம் ஊறவிடக் கூடாது. உப்பை முதலில் தடவி உலர்த்தி, விதைக்கும் வேளையில் ரைசோபியம் சேர்க்கலாம். சுண்ணாம்பு இட்டு பி.எச். 6-ஐத் தொட்ட நிலத்தில் இதற்கும் தேவை வராது. சுக்கான் நிலத்தில் ஒருபோதும் வராது.

அத்தகைய கார நிலங்களில் மாலிப்டினம் மிகுவது ஆடுமாடுகளுக்கு ஆகாது. 1938-இல் ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் சாமர்செட் மேய்ச்சல் நிலத்தில், பசுக்கள் ஓயாமல் கழிந்து மெலிவதற்குப் புல்லில் மிகுந்த மாலிப்டினமே காரணம் என்று கண்டார்கள். அது மாட்டின் உடலில் செம்பைப் பயன்படவிடாமல் தடுக்கிறது. செம்பு சல்பேட் கொடுத்ததும் மாடுகள் தேறின. 1970-களில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், நாகார்ஜுன சாகர் அணையை அடுத்த ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் இளையோரின் முழங்கால் உட்புறம் வளைவதை ஆராய்ந்தபோது, கசிவு நீரால் காரத்தன்மை ஏறிய மண்ணில் விளைந்த சோளத்தில் மாலிப்டினம் கூடியிருப்பதையும் கவனித்தார்கள். தருமபுரியும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மாலிப்டினப் பாறை மேல் அமைந்த கார நிலங்களின் தீவனத்தில் செம்பும் மாலிப்டினமும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதையும் சேர்த்து அளப்பது, மலைமேல் அமில நிலங்களில் அதே சத்தைத் தேடுவதற்கு இணையாக இந்த வட்டாரத்துக்கு வேண்டிய வேலை.